காணாமல் போன ஒரு மீற்றர் ஏழு

நடந்தவற்றை வரிசைப்படி எழுதினால் இப்படி வரும்:

1. 2003இல் அம்மாவும் அப்பாவும் இத்தாலியில் பலெர்மோவுக்கு அருகிலுள்ள பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் பக்கக் கட்டடத்தில் இரண்டு அறைகளுக்குக் குடிபோனார்கள். அம்மாவுக்கு அந்த மாளிகையில் வீட்டுவேலை. வீட்டுக்காரி கணவனை இழந்த ஒரு சீமாட்டி; எங்களுக்கு அவர் 'சிஞ்ஞோரா'.
2. குடிபோன அன்றே சிஞ்ஞோரா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: காரச் சாமான் எதையும் அங்கே வறுக்கக் கூடாது. அம்மா தலையாட்டினார்.
3. 2007இல் நான் தொழில்நுட்பப் பாடசாலைப் படிப்பை முடித்து, பலெர்மோவில் ஒரு கட்டடக்கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.
4. அடுத்த வருடம் சிஞ்ஞோராவின் பெறாமகன், அதாவது அவருடைய கணவரின் தம்பி மகன், மாளிகையில் கலியாண விருந்துகள் நடத்த விரும்பி என்னுடைய கட்டடக்கலைஞரிடமே வந்தார்.
5. மாளிகையை அளந்து படம் கீற நான் அனுப்பப்பட்டேன்.
6. முதல் படத்தில் அம்மா அப்பாவின் இரண்டு அறைகளுக்கும் மஞ்சள் அடிக்கப்பட்டது. எங்கள் தொழிலில் மஞ்சள் என்றால் இடிக்க வேண்டிய பகுதி.
7. படம் பொருந்தவில்லை. ஒரு மீற்றரும் ஏழு சென்ரிமீற்றரும் காணாமல் போயிருந்தன.

ஏழாவதற்குப் பிறகு நடந்தவை ஒற்றை வரிக்குள் அடங்காதவை.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். பகேரியாவில் இப்படிப்பட்ட மாளிகைகள் நிறைய உண்டு. முன்னொரு காலத்தில் பலெர்மோப் பிரபுக்கள் கோடைக்கு வந்து தங்கக் கட்டியவை. இப்போது அவற்றுக்கு நடுவே அடுக்குமாடிகளும் ரயர்க் கடைகளும் வந்துவிட்டன. எங்கள் மாளிகை அவற்றில் பெரியதும் அல்ல, பெயர்பெற்றதும் அல்ல. ஆனால் நான் அளந்த கட்டடங்களில் இவ்வளவு பொய் சொன்ன கட்டடம் வேறில்லை.

முன்பக்கத்தில் வெளியிலிருந்து எண்ணினால் மேல்மாடிக்கு ஒன்பது யன்னல். உள்ளே நின்று எண்ணினால் ஏழு. மற்ற இரண்டும் சுவரில் பூசிய வண்ணம். பாதி திறந்த கதவும் நிழலும்கூட வரைந்திருந்தார்கள். பெரிய மண்டபத்தின் கூரை கல் வளைவுபோலத் தெரியும். தட்டிப் பார்த்தால் மரச் சட்டங்களில் நாணலைக் கட்டித் தொங்கவிட்டு அதன்மேல் சாந்து பூசியது. மாபிள் தூண்கள் மரம். முற்றத்திலிருந்து மேல்மாடிக்கு இரு பக்கமும் வளைந்து ஏறிச் சந்திக்கும் இரட்டைப் படிக்கட்டு உண்மையான கல்தான். ஆனால் அதன் இடப்பக்கம் எவருக்கும் பயன்படாது. வலப்பக்கம் ஒன்று இருப்பதால் கட்டப்பட்டது. இவ்வளவு பொய்க்கும் காரணம் ஒன்றுதான்: இடப்பக்கம் எது இருக்கிறதோ அது வலப்பக்கமும் இருந்தாக வேண்டும்.

வீட்டின் இரு பக்கத்திலிருந்தும் தாழ்ந்த கட்டடங்கள் வளைந்து முன்னே வந்து முற்றத்தைச் சுற்றின. குதிரை லாயம், எண்ணெய் அறை, வேலைக்காரர் அறைகள் எல்லாம் அவற்றில் இருந்தன. அப்பா முதல் நாளே சொன்னார்: "நண்டு காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற மாதிரி வீடு." அந்த நண்டின் வலக்கால் உடலோடு சேரும் இடத்தில் இருந்தன அம்மா அப்பாவின் இரண்டு அறைகள்: ஒன்று படுக்கை, மற்றது குசினி. அப்பாவுக்குச் சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. விடிய ஸ்கூட்டரில் போனால் பின்னேரம் வருவார். நான் பலெர்மோவின் பிரான்காச்சோவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பலெர்மோவில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ரயில் ஏறிப் பகேரியாவுக்கு வந்து, சாப்பிட்டு, வாரத்துக்குத் தேவையான மிளகாய்த்தூளைப் போத்தலில் எடுத்துக்கொண்டு திரும்புவேன்.

என் முதலாளியான கட்டடக்கலைஞர் ஐம்பது வயதுப் பெண். தலைமுடிக்குள் இரண்டு பென்சில் செருகியிருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். என்னை 'ஜியோமெத்ரா' என்றுதான் கூப்பிடுவார். அது என் படிப்பின் பெயர். நில அளவையாளர், படவரைஞர், மேசனோடு சண்டை பிடிப்பவர் மூவரையும் ஒரே ஆளாக்கினால் ஜியோமெத்ரா. பாராட்டும்போதும் அப்படித்தான் கூப்பிடுவார், ஏசும்போதும் அப்படித்தான்.

மஞ்சள் அடித்த நாளில் அவரிடம் சொன்னேன், அந்த இரண்டு அறைகளிலும் இருப்பவர்கள் என் அம்மாவும் அப்பாவும் என்று.

"தெரியும்," என்றார். "அதனால்தான் உன்னை அனுப்புகிறேன், ஜியோமெத்ரா. வேறு யார் போனாலும் சிஞ்ஞோராவின் நாய் உள்ளே விடாது."

"அந்த அறைகள் உண்மையிலேயே பிறகு கட்டியவையா?"

"பெறாமகன் அப்படிச் சொல்கிறார். ஆரம்பத்தில் வீட்டுக்கும் பக்கக் கட்டடத்துக்கும் நடுவில் வண்டிப் பாதை இருந்ததாம். பூட்டன் காலத்தில் அதை அடைத்து இரண்டு அறை எடுத்தார்களாம். அவற்றை இடித்தால் சாப்பாட்டு லொறி பின்தோட்டத்துக்கு நேரே போகும். பிறகு ஒட்டியது என்றால் பாரம்பரிய அலுவலகம் இடிக்க விடும். முதலிலிருந்தே இருப்பது என்றால் விடாது."

"எப்படி அறிவது?"

"அளந்து. ஆனால் ஒன்று. நீ ஒரு சென்ரிமீற்றர் கூட்டியோ குறைத்தோ எழுதினால் நான் கண்டுபிடிப்பேன். அதற்குப் பிறகு உன் படத்தை யாரும் நம்பமாட்டார்கள், நானும்தான். பழையது என்று காட்ட முடிந்தால் காட்டு. நான் பெறாமகனோடு சண்டை பிடிக்கிறேன். முடியாவிட்டால் மஞ்சள்."

அந்த ஞாயிறு குசினியில் இதைச் சொன்னேன். அப்பா படத்தை மேசையில் விரித்துப் பார்த்தார்.

"மஞ்சள் நல்ல நிறம்தானே, பிள்ளை. மங்களம்."

"இடிக்கிற நிறம், அப்பா."

"அப்ப இந்த நாட்டிலை எல்லாம் தலைகீழ்தான்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. "பெர்மெஸ்ஸோவிலை இந்த முகவரிதான் கிடக்கு. அடுத்த வருசம் புதுப்பிக்க வேணும். வீடில்லாமல் என்னெண்டு குடுக்கிறது?" பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி.

சித்தி வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர், நானும் சேர்ந்தால் ஆறு. வேறு வீடு தேடினால் அம்மா வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா ஆச்சரியப்படவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். மாளிகையை உள்ளே தனியாகவும் வெளியே தனியாகவும் அளந்து, இரண்டையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்று வைப்போம். நடுவில் மிஞ்சுவது சுவர். வீட்டின் வெளிச்சுவர் எங்கும் தொண்ணூற்றைந்து சென்ரிமீற்றர். ஒன்றிரண்டு கூடக்குறைய வரும். அம்மாவின் குசினிக்கும் பெரிய வீட்டுக்கும் நடுவில் மட்டும் சுவர் இரண்டு மீற்றரும் இரண்டு சென்ரிமீற்றரும் என்று வந்தது. கோட்டை கட்டுபவர்கள்தான் அப்படிச் சுவர் எடுப்பார்கள்.

பிழை என்னுடையது என்றே நினைத்தேன். பக்கக் கட்டடம் வளைந்தது. வளைவில் பிழை வருவது வழக்கம். மறுபடி அளந்தேன். அதே எண். லேசர்க் கருவியை விட்டுவிட்டு உருக்கு நாடாவால் அளந்தேன். அதே எண். முதலாளி திரையைப் பார்த்தார்.

"உலகத்தில் எல்லா வீட்டையும் அளக்கலாம். சொந்த அம்மாவின் குசினியை அளக்க முடியவில்லை," என்றார்.

குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். குசினிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: 'அலுமாரி. பின்புறம் அளக்கவில்லை.'

ஏன் அளக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது அந்த வீட்டோடு வந்த, ஆளுயரத்துக்கும் கூடிய பழைய அலுமாரி. அதன் உச்சியில் அம்மா எங்கள் ஊர் மடுக் கோவில் மாதாவின் படத்தை வைத்து, முன்னால் கண்ணாடிக் குவளையில் விளக்குக் கொளுத்தியிருந்தார். மாதா இருக்கும் அலுமாரியை எங்கள் வீட்டில் யாரும் தள்ளமாட்டார்கள். மற்ற அளவையாளர் யாராக இருந்தாலும் இரண்டு பேரைப் பிடித்து நகர்த்தியிருப்பார். நான் தலைகுனிந்து சிலுவை போட்டுவிட்டு, சுவர் அலுமாரியின் முதுகோடு முடிகிறது என்று நானாகவே முடிவுகட்டி, யன்னல் பக்கம் அளக்கப் போயிருந்தேன். படித்த படிப்பில் முதலாம் பாடம், காணாததைக் கீறாதே என்பது.

அடுத்த ஞாயிறு நாடாவோடு போனேன். மத்தியானச் சாப்பாடு கணவாய்க் கறி.

"சாப்பிட வந்தனியோ, அளக்க வந்தனியோ?" என்றார் அம்மா.

"இரண்டுக்கும்."

"அப்ப முதலிலை சாப்பிடு."

சாப்பிட்டேன். பிறகு எழுந்து அலுமாரியைப் பார்த்தேன். "அம்மா, உந்த அலுமாரியைக் கொஞ்சம் தள்ள வேணும்."

"மாதா இருக்கிறா."

"மாதாவைக் கொஞ்ச நேரம் கட்டிலிலை வைப்பம்."

"எரியிற விளக்கோடை மாதாவைக் கட்டிலிலை வைக்கிறதோ? நல்லாத்தான் படிப்பிச்சிருக்கினம்."

"விளக்கை நூர்ப்பம்."

"ஞாயிற்றுக்கிழமையிலையோ?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குனிந்து கணவாயில் மிகக் கவனமாக முள் தேடிக்கொண்டிருந்தார். கணவாயில் முள் கிடையாது.

அலுமாரிக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. தரையில் படுத்து உருக்கு நாடாவை அடியால் தள்ளினேன். அலுமாரியின் ஆழம் ஐம்பது சென்ரிமீற்றர். ஐம்பதில் சுவர் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. அறுபது, எண்பது, நூறு என்று நாடா போய்க்கொண்டே இருந்தது. நூற்று ஐம்பத்தேழில் 'டிக்' என்று கல்லில் பட்டு நின்றது. நூற்று ஐம்பத்தேழிலிருந்து ஐம்பதைக் கழித்தால் ஒரு மீற்றர் ஏழு.

நாடாவை இழுத்தபோது நுனியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். நான்கு தரம் தும்மினேன்.

"சரி, கண்டிட்டாய்," என்றார் அம்மா. "இனி ஏன் தள்ளுவான். கதவைத் திற."

அலுமாரிக் கதவைத் திறந்தேன். அம்மாவின் இரண்டு குளிர்கோட்டுகளை விலக்கினால் பின்பலகை இல்லை. பின்னால் குனிந்து போகக்கூடிய ஒரு வாசல். அதற்கப்பால், பெரிய வீட்டின் சுவரை ஒட்டிக்கொண்டு மேலே ஏறும் கல் படிக்கட்டு. அகலம் எழுபத்தைந்து சென்ரிமீற்றர்; அதை மூடிய குசினிச் சுவர் முப்பத்திரண்டு. கூட்டினால் ஒரு மீற்றர் ஏழு. வேலைக்காரர்கள் முற்றத்துக்கு வராமல் சாப்பாட்டை மேல்மாடிக்குக் கொண்டுபோகக் கட்டிய படி அது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் மேல்பகுதியைச் சுருள் வடிவ மதில் ஒன்று மறைத்தது. அதே சுருள் இடப்பக்கத்திலும் இருந்ததால் இரண்டையும் அலங்காரம் என்றே கீறியிருந்தேன்.

அம்மா அந்தப் படிகளைத் தன் முறைப்படி ஒழுங்குபடுத்தியிருந்தார். முதலாம் படியில் செத்தல் மிளகாய். இரண்டாம் படியில் மல்லி. மூன்றில் பெருஞ்சீரகமும் நற்சீரகமும், நடுவில் மட்டையால் தடுப்பு. நான்கில் மிளகும் வெந்தயமும். ஐந்தில் காய்ந்த கறிவேப்பிலை. ஆறில் மின்னடுப்பும் தாச்சியும். ஏழில் அரைக்கும் மெஷினும் அரிதட்டும். எட்டில் அரைத்து முடிந்த தூள், தேதி ஒட்டிய போத்தல்களில்.

"ஒன்பதிலையிருந்து ஏன் ஒண்டும் இல்லை?"

"அதுக்கு மேலை ஏறினால் சிஞ்ஞோராவுக்குக் காலடி கேக்கும்."

"மிளகாய்த்தூள் ஊரிலையிருந்து வாறதெண்டெல்லோ சொன்னீங்கள்?"

"வந்ததுதான். முதல் மாசம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீ கண்டதெல்லாம் கீறுற ஆள்," என்றார் அம்மா. "நல்ல காய்ஞ்ச இடம் பிள்ளை. அஞ்சு வருசமா ஒரு பூஞ்சணம் இல்லை, ஒரு வண்டில்லை. இப்பிடி ஒரு இடம் ஆருக்குக் கிடைக்கும்?"

இருபத்திரண்டு படிகளையும் எண்ணி ஏறினேன். உச்சியில் வாசல் நாணலும் சாந்தும் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. சாந்து பல இடங்களில் வெடித்து, வெளிச்சம் ஊசிபோல வந்தது. அந்தப் பக்கம் சிஞ்ஞோராவின் புத்தக அறை.

"புகை எங்கை போறது?" என்று கீழே பார்த்துக் கேட்டேன்.

அப்பா சொன்னார்: "மேலை."

சிஞ்ஞோராவின் இருமலைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வருடத்தில் நாலைந்து தரம், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், கண் எரிந்து மூச்சுமுட்டும். ஆபிரிக்காவிலிருந்து தூசியோடு வரும் சூட்டுக்காற்றான சிரோக்கோதான் காரணம் என்று அவர் நம்பினார். மருத்துவரும் நம்பினார். சிரோக்கோ வந்தால் யன்னல்களை இறுக்கப் பூட்ட வேண்டும் என்பது கட்டளை. அம்மா ஓடிப்போய்ப் பூட்டுவார். பூட்டினால் புகை இன்னும் நன்றாக உள்ளே நிற்கும்.

"இருமல் மருந்தும் நான்தான் போய் வாங்கிக் குடுக்கிறனான்," என்றார் அம்மா. சொல்லும்போது அவருக்கே முகம் சுருங்கியது.

பிறகுதான் சுவரைப் பார்த்தேன். அம்மாவின் தூசித் துணியால் துடைத்து, டோர்ச் அடித்தேன். ஒவ்வொரு படிக்கல்லும் ஒரே கல். ஒரு நுனி பெரிய வீட்டின் சுவருக்குள் போயிருந்தது, மறுநுனி குசினிச் சுவருக்குள். இரண்டு சுவர்களின் கல்வரிசைகளும் ஒரே உயரத்தில் ஓடின. வீட்டைக் கட்டி முடித்து நூறு வருடம் கழித்து யாரும் இப்படிக் கல்லைச் செருக முடியாது. பெரிய வீடும் படியும் குசினியும் ஒரே கையால், ஒரே தடவையில் எழுந்தவை. வண்டிப் பாதை என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

அதை அம்மா அப்பாவுக்கு விளக்கினேன். இதைக் காட்டினால் அறைகளை யாரும் இடிக்க முடியாது என்றேன். இருவரும் கேட்டார்கள். மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை.

"காட்டினால் அறை நிக்கும்," என்றார் அம்மா. "நாங்கள் நிப்பமோ?"

அதுதான் சிக்கல். வறுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்த அறைகள் கிடைத்தன.

"வாக்குக் குடுத்தது அறைக்கு," என்றார் அப்பா. "படிக்கட்டு அறை இல்லைத்தானே."

"இஞ்சாருங்கோ, நீங்கள் மண்டரின் ஆயுறதோடை நில்லுங்கோ. வழக்காடுற அப்புக்காத்து வேலை வேண்டாம்."

வழக்கம்போல நான் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, பேசாமல் இருப்பது: மஞ்சள். இரண்டு, எல்லாவற்றையும் எடுத்து, கழுவி, வெறும் படியாகக் காட்டுவது. அந்த ஊர்க்கல் சோறு வடித்த கஞ்சியைக்கூட உறிஞ்சிவிடும். ஐந்து வருட மிளகாயைக் கழுவி எடுக்க முடியாது. மூக்குள்ள யாரும் முதலாம் படியிலேயே கண்டுபிடிப்பார்கள். மூன்று, உள்ளதைச் சொல்வது.

"நான் சொல்லுறன்," என்றேன்.

"நீ படியைப் பற்றிச் சொல்லு. மற்றது என்ரை வாய். நான்தான் சொல்ல வேணும்." அம்மா தட்டுகளை அடுக்கினார். "பெறாமகன் மேலை நிண்டு ரெலிபோனிலை இந்த அறையளை இடிக்கிறதைப் பற்றிக் கதைச்சதும் எனக்குக் கேட்டதுதான். நீ மஞ்சள் அடிக்க முதலே தெரியும். எங்கை நிண்டு கேட்டனெண்டு சொல்லேலாமல் வாயை மூடிக்கொண்டிருந்தன்."

செவ்வாய்க்கிழமை காலை புத்தக அறையில் கூடினோம். படிக்கட்டைப் பற்றி முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் ஒரு பென்சிலை முறித்து, என்னை மூன்று தரம் ஜியோமெத்ரா என்று கூப்பிட்டார். மேசையில் புதிய படம். ஒரு பக்கம் சிஞ்ஞோராவும் காலடியில் நாயும். மறுபக்கம் பெறாமகன், கையில் லொறி திரும்புவதற்கான வரைபடம். அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

நான் படிக்கட்டை விளக்கினேன். பெறாமகன் சிரித்தார்.

"இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் காணாத படிக்கட்டை யார் கண்டது?"

அம்மா ஓரடி முன்னால் வந்தார்.

"சிஞ்ஞோரா," என்றார் இத்தாலிய மொழியில், "அந்தச் சிரோக்கோ நான்தான்."

யாருக்கும் விளங்கவில்லை. அம்மா முதலாம் படியிலிருந்து தொடங்கி எட்டாம் படி வரை ஒன்றொன்றாகச் சொன்னார். அம்மாவின் இத்தாலிய மொழியில் இறந்தகாலம் கிடையாது. அதனால் ஐந்து வருடம் வறுத்ததெல்லாம் அந்த நிமிடமே வறுபடுவதுபோல இருந்தது. முதலாளி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பெறாமகன் முதலில் சுதாரித்தார். "அப்படியென்றால் வாக்கை மீறியிருக்கிறார்கள். அறைகள் நிற்கட்டும். ஆட்கள் போகட்டும்."

சிஞ்ஞோரா அவரைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தார்.

"மார்ச் மாதம் வந்ததும் நீயா?"

"ஓம், சிஞ்ஞோரா."

"ஈஸ்டருக்கு அடுத்த கிழமை? நான் மூன்று நாள் கட்டிலில் கிடந்தேனே?"

"அதுவும்."

"நாய் தும்மியது?"

"நாயும்தான்."

"எல்லோரும் வெளியே போங்கள்," என்றார் சிஞ்ஞோரா.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவர் அம்மாவோடு கதைக்கவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை நாயிடம் சொன்னார். "இன்றைக்கு மீன் வேண்டாம் என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டும்," என்பார் நாயிடம். "சரி, மரக்கறி சமைக்கிறேன்," என்பார் அம்மா, அதே நாயிடம். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துவிட்டதாக அம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் பெட்டிகளை எடுத்துத் துடைப்பார். ஒரு ஞாயிறு வந்தபோது குளிருடுப்புகள் பெட்டிக்குள் போயிருந்தன. அப்பா பிரான்காச்சோவில் வாடகை வீடு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

நடுவில் பாரம்பரிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நெடிய மனிதர், சட்டைப் பையில் ஒரு சின்னச் சுத்தியல். அலுமாரிக்குள்ளால் குனிந்து போனார். ஆறாம் படியில் ஒரு தும்மல், பதின்மூன்றில் ஒன்று. கல் சுவருக்குள் போகும் இடங்களைத் தட்டினார், படம் எடுத்தார். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்தே உள்ள பகுதி, தொடக் கூடாது என்று எழுதினார். மேலே அடைத்ததைத் திறந்துவிடலாம் என்றும் எழுதினார். நான் அலுவலகத்துக்குப் போய் இரண்டு அறைகளின் மஞ்சளையும் அழித்தேன். இரண்டு சொடுக்கில் முடிந்த வேலை. அறைகள் நின்றுவிட்டன. அவற்றில் யார் இருப்பது என்பதை எந்த அலுவலகமும் எழுதித் தராது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே நாணலை முதல் நாள்தான் மேசன் வெட்டி எடுத்திருந்தான். படிக்கட்டில் காலடி கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. அலுமாரிக் கதவு திறந்தது. இரண்டு குளிர்கோட்டுகளுக்கும் நடுவிலிருந்து சிஞ்ஞோரா வெளியே வந்தார்.

அப்பா எழுந்து நின்றார், வாயில் சோற்றோடு. அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். சிஞ்ஞோரா உட்கார்ந்து, மூச்சு வாங்கி, குசினியைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நாற்பது வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன்," என்றார். "மழையில் குடை பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்திருக்கிறேன், எண்ணெய் அறைக்குப் போக. முழங்கால் நோவோடு. ஐந்து வருடம் இந்தப் படி உன்னிடம் இருந்திருக்கிறது. நீ எனக்குச் சொல்லவில்லை."

இருமலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பிழைதான், சிஞ்ஞோரா," என்றார்.

சிஞ்ஞோரா பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். அம்மா அதை என்னிடம் தள்ளினார். நான் வாசித்தேன். வறுப்பது வியாழக்கிழமை மட்டும், அவர் தலைமுடி செய்யப் பலெர்மோவுக்குப் போகும் நாளில். மேலே கதவு போடப்படும். வறுக்கும்போது அது பூட்டியிருக்க வேண்டும். மின்னடுப்புக்கு முறையான கம்பி இழுக்க வேண்டும். ஒன்பதாம் படியிலிருந்து மேலே அவருடையது. சாமான் எதுவும் வழியில் இருக்கக் கூடாது. மருந்தைப் பற்றி இனி யாரும் கதைக்கக் கூடாது.

"வியாழன் எனக்கு அயர்ன் பண்ணுற நாள்," என்றார் அம்மா. "புதன் எண்டால் நல்லம்."

அதை நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அம்மா என்னை இடித்தார். மொழிபெயர்த்தேன்.

சிஞ்ஞோரா யோசித்தார். "தலைமுடிக்காரியின் கடை புதனில் பூட்டு," என்றார். "அயர்னைப் புதனுக்கு மாற்று."

"சரி."

அப்பா அதுவரை விழுங்காமல் வைத்திருந்த சோற்றை விழுங்கினார். சிஞ்ஞோரா எழுந்து, வந்த வழியே, கோட்டுகளை விலக்கிக்கொண்டு மேலே போனார். போகும்போது எட்டாம் படியில் நின்று ஒரு போத்தலைத் தூக்கித் தேதியை வாசித்தது கேட்டது.

இப்போது 2009. திருத்திய படத்தில் இரண்டு அறைகளும் மற்றச் சுவர்களைப்போலச் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. பெறாமகன் லொறிப் பாதையை எலுமிச்சைத் தோட்டத்துப் பக்கமாகக் கேட்டிருக்கிறார். அனுமதி இன்னும் வரவில்லை, கலியாணம் எதுவும் நடக்கவில்லை. அம்மா அதே வேலையில் இருக்கிறார். அறைகளுக்கு ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. சிஞ்ஞோரா இந்த வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெர்மெஸ்ஸோ போன மாதம் வந்தது, அதே முகவரியில்.